முரட்டுக் குட்டியைப் பழக்க விட்ட இடம்: ஒன்றரை வருடம் கழித்து

துரையை 2023 ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கினேன். மார்வாரி இன ஆண் குதிரைக்குட்டி, செவலை நிறம், இரண்டு காது நுனியும் உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொடும். மூன்று வயது முடிந்தது என்றார் விற்றவர். பக்கத்து ஊரில் குதிரை வைத்திருக்கும் பெரியவர் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “நடுப்பல்லு ரெண்டும் இப்பத்தான் விழுந்து முளைக்குதுங்க, ரெண்டரை தாண்டாது” என்றார். அந்த ஆறு மாத வித்தியாசத்தை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தீபாவளி கழித்துக் கடிவாளம் போட்டோம். அன்றிலிருந்து தகராறுதான். தலையை உதறுவான், லகானைத் தொட்டால் முன்னங்காலைத் தூக்கி நிற்பான். என் தம்பி விழுந்து மணிக்கட்டு உடைந்ததும், இது நமக்கு ஆகாது, தொழில்முறையாகப் பழக்கும் இடத்தில் விடலாம் என்று முடிவு செய்தோம்.

முதலில் விட்ட இடம் பார்க்கப் பிரமாதம். மணல் மைதானம், வெள்ளை வேலி, தினமும் கைப்பேசிக்கு வீடியோ. 45 நாளுக்கு 40,000 ரூபாய். பார்க்க வருவதானால் ஒரு நாள் முன்பே சொல்ல வேண்டும் என்றார்கள், நானும் அதை ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டேன். அங்கே செய்தது இரண்டே வேலை. ஒன்று, நீளக் கயிற்றில் வட்டமாக ஓடவிட்டுக் களைக்க வைப்பது. இரண்டு வாரத்தில் களைப்பு போய்விட்டது, உடம்பு கட்டாகிவிட்டது, சேட்டை மட்டும் அப்படியே இருந்தது. இன்னொன்று முள் கடிவாளம். அது வீடியோவில் தெரியவில்லை. திரும்பி வந்தபோது நாக்கின் ஓரம் கிழிந்திருந்தது. முள் வைத்த கடிவாளம் 1965ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்பு விதிகளிலேயே தடை செய்யப்பட்டது. கேட்டால், “ஆண் குதிரைங்க, வேற எப்படி?” என்று பதில்.

இரண்டாவது இடம் வேலி கூடச் சரியாக இல்லாத ஒரு தென்னந்தோப்பு. ராணுவக் குதிரைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், உதவிக்கு இரண்டு பையன்கள், எட்டுக் குதிரை. துரையின் வீரதீரங்களை நான் சொல்லிக்கொண்டே போக, அவர் இடைமறித்துக் கேட்ட முதல் கேள்வி: “பல்லு காட்டினீங்களா தம்பி?” அடுத்தது, என்ன தீனி போடுகிறீர்கள். அப்புறம் டெட்டனஸ் ஊசிச் சீட்டு.

பல் டாக்டரிடம் காட்டாமல் குதிரையை உள்ளே விடவே மாட்டேன் என்றுவிட்டார். மயக்க ஊசி போட்டு வாயை முழுதாகத் திறந்து பார்த்ததில், மேல்தாடையில் கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் சுண்டுவிரல் நக அளவில் இரண்டு சிறு பற்கள். வுல்ஃப் டூத் என்கிறார்கள். எல்லாக் குதிரைக்கும் இருக்காது, இருந்தாலும் எல்லாவற்றுக்கும் தொந்தரவு தராது. துரைக்கு அதில் ஒன்று கடிவாள இரும்பு உரசும் இடத்திலேயே இருந்தது. இரண்டையும் பிடுங்கினார்கள். கடைவாய்ப் பற்களின் கூர் ஓரங்களையும் அரம் போட்டு ராவினார்கள்.

தீனி விஷயத்தில் எனக்கு நல்ல பாட்டு கிடைத்தது. தினமும் மூன்று கிலோ கொள்ளு அவித்துப் போட்டு, வேலை எதுவும் கொடுக்காமல் கட்டி வைத்திருந்தேன். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழி குதிரைக்குச் செல்லாது போல. குதிரையின் வயிற்றில் அமிலம் நாள் முழுக்கச் சுரக்கும், மெல்லும்போதுதான் எச்சில் ஊறி அதைத் தணிக்கும், அதனால் புல் இல்லாமல் மணிக்கணக்கில் நிற்கக் கூடாது என்று அந்த ராணுவக்காரர் விளக்கினார். கொள்ளை அரை கிலோவாகக் குறைத்து, சோளத்தட்டும் குதிரைமசாலும் எந்நேரமும் முன்னால் கிடக்கும்படி செய்தார்.

நான் எதிர்பார்த்தது, பல் போனதும் குதிரை சரியாகிவிடும் என்று. ஆகவில்லை. வலி போயும் முன்னங்காலைத் தூக்கினான். காரணத்தை அவர் சொன்னபோது கொஞ்சம் அவமானமாகவே இருந்தது: தூக்கிய ஒவ்வொரு முறையும் நாங்கள் பயந்து இறங்கி, சேணத்தைக் கழற்றி, கொட்டிலில் கட்டியிருக்கிறோம். தூக்கினால் வேலை முடியும் என்று சொல்லிக்கொடுத்ததே நாங்கள்தான்.

அதனால் முதல் ஐந்து வாரம் யாரும் மேலே ஏறவில்லை. தலைக்கயிறு மட்டும். லேசாக இழுப்பார், ஒரு அடி வைத்த அந்த நொடியே கயிற்றைத் தளர்த்துவார். தளர்த்துவது அரை நொடி தாமதமானாலும் குதிரைக்கு வேறு பாடம் போய்விடும் என்பார். பார்க்க அவ்வளவு சலிப்பான வேலை! சனிக்கிழமைதோறும் நானும் வந்து அதையே செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. மூன்றாம் வாரம் வரை, “கையைப் பாருங்க, கையைப் பாருங்க” என்றுதான் திட்டு. சொல்லாமல் போனாலும் எந்த நேரமும் உள்ளே விட்டார்கள்.

2024 ஏப்ரலில் விட்டு ஆகஸ்டில் கூட்டி வந்தேன். மாதம் தீனியோடு 20,000, லாடமும் மருந்தும் தனி. மூன்று மாதம் என்று பேசியது நாலரை ஆனது. மழையில் தோப்பு சேறாகி இரண்டு வாரம் வேலையே நடக்கவில்லை, அதற்கும் பணம் கட்டினேன். போன் எடுக்க மாட்டார், ஒரு போட்டோ கூட வராது. பாதுகாப்பு ஏற்பாடும் போதாது, பையன்கள் ஹெல்மெட் இல்லாமல்தான் ஏறுகிறார்கள்.

இப்போது துரைக்கு ஐந்து வயது. என் மகள் கால்வாய்க்கரையில் நடையிலும் மெல்லோட்டத்திலும் ஓட்டுகிறாள். கோயில் மேளச் சத்தத்துக்கு நின்று பார்ப்பான், அவ்வளவுதான். இந்த ஒன்றரை வருடத்தில் இரண்டு முறை காலைத் தூக்கினான், இரண்டும் நான் லகானை இறுக்கிப் பிடித்தபோது. காயடித்துவிடுங்கள் என்று அவர் சொன்னதை மட்டும் நான் கேட்கவில்லை. பெண்குதிரை எதிரே வந்தால் இன்னும் கத்திக் கூப்பாடு போடுகிறான், அந்த நேரம் மகளை ஏற விடுவதில்லை.

லாரியில் ஏற்ற இன்றைக்கும் முக்கால் மணி நேரம் ஆகிறது. அதற்காகவே இன்னொரு இரண்டு வாரம் அங்கே விடப் போகிறேன். தை பிறக்கட்டும், சேற்றுக்கு மறுபடி பணம் கட்ட முடியாது.