ராயபுரம் விழுகிறது, தண்டையார்பேட்டை தப்பிக்கிறது: ஜிடிபியா, வால்கிரைண்டா, சானிடைசரா?

வடசென்னை ஊர்ப்பெயர்களைத் தமிழில் படித்து, எல்லாவற்றுக்கும் முதலில் மாலாக் போட்டு (மெமரியில் இடம் வாங்கி), பிறகு ஸ்டிரிங்காப்பியால் அங்கே எழுதும் ஒரு சி புரோகிராம். இடம் கேட்கும்போது ஸ்டிரிங்லென் தந்த நீளத்தோடு, முடிவைக் காட்டும் பூஜ்ய பைட்டுக்காக 1 கூட்ட மறந்தாயிற்று. 'ராயபுரம்' கண்ணுக்கு ஐந்தெழுத்து. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் 24 பைட், கடைசிப் பூஜ்யத்தோடு 25. 'தண்டையார்பேட்டை' 45, பூஜ்யத்தோடு 46.

பெரிய பெயர்தானே இடிக்கும்? இல்லை. 64-பிட் லினக்ஸின் சி லிப்ரரியான ஜிலிப்சியிடம் 45 கேட்டால் 56 பைட் வரை கிடைக்கும். தண்டையார்பேட்டை சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடும். 24 கேட்டால் 24-தான். ராயபுரத்தின் 25-வது பைட் பக்கத்துத் துண்டின் அளவுக் குறிப்பை அழிக்கும். அப்போதும் புரோகிராம் ஓடும். அந்தத் துண்டை ஃப்ரீ செய்யும்போதுதான் (இடத்தைத் திருப்பித் தரும்போதுதான்) அபார்ட் ஆகும், அதாவது பாதியில் நிற்கும்.

இங்கே ஜிடிபி என்ற டிபக்கரில் 'பிடி' (எந்த ஃபங்ஷனை எது அழைத்தது என்று காட்டும் கட்டளை) அடித்தால் அபார்ட், ஃப்ரீ என்று வரிசை வரும். ஸ்டிரிங்காப்பியின் பெயரே இருக்காது. ஃப்ரீயைத் திட்டிப் பாதி நாள் போகும். தப்பும் கிராஷும் ஒரே இடத்தில் நடந்தால் ஜிடிபியே போதும்: ஃபைல் திறக்காதபோது எஃப்ஓபன் தந்த நல்லை (வெற்று பாயின்டரை) பார்க்காமல் எஃப்கெட்ஸிடம் நீட்டுவது, மாற்றக்கூடாத ஸ்டிரிங் லிட்டரலை, ஸ்டிரிங்கையே வெட்டி எழுதும் ஸ்டிரிங்டோக்கிடம் கொடுப்பது. 'பிடி', லிப்ரரியை விட்டு உங்கள் வரிக்கு வர 'அப்', பிறகு மாறியின் மதிப்பைப் பார்க்க 'பிரிண்ட்'. மைனஸ் ஜி போட்டுக் கம்பைல் செய்திருக்க வேண்டும்.

புரோகிராம் ஓடும்போதே அதன் மெமரியைக் கண்காணிக்கும் வால்கிரைண்டுக்கு மறுபடி கம்பைல் வேண்டாம். ராயபுரம், தண்டையார்பேட்டை இரண்டையும் எழுதும் கணத்திலேயே பிடித்து, எந்த மாலாக் என்றும் சொல்லும். மதிப்பே வைக்காத மாறியை நம்பி 'இஃப்' போன்ற இடத்தில் முடிவெடுத்தாலும் காட்டிக்கொடுக்கும். விலை: ஓட்டம் 20-30 மடங்கு மந்தம். பெரிய ஓட்டையும் ஒன்று உண்டு: ஃபங்ஷனுக்குள் 32 பைட் கேரக்டர் அரே வைத்து அதில் தண்டையார்பேட்டையைக் கொட்டினால், அரே தாண்டியதை அது கண்டுகொள்ளாது.

அங்கேதான், கம்பைல் செய்யும்போதே மெமரி சோதனைகளைச் சேர்த்துவிடும் அட்ரஸ் சானிடைசர் ஜெயிக்கிறது. ஸ்டாக் (ஃபங்ஷனுக்குள் உள்ளவை), குளோபல் (ஃபங்ஷனுக்கு வெளியே உள்ளவை), ஹீப் (மாலாக் தந்தவை) மூன்றும் அதன் கண்ணில் படும். மந்தமும் ஏறக்குறைய 2 மடங்குதான். ஜிசிசி கம்பைலரில் 'மைனஸ் எஃப்சானிடைஸ்=அட்ரஸ்' என்பதைக் கம்பைல், லிங்க் இரண்டிலும் தர வேண்டும். மதிப்பில்லாத மாறியை இது கவனிக்காது. சோர்ஸ் கையில் இருந்தால் முதலில் இதையே ஓட்டுங்கள். வால்கிரைண்டை அடுத்து, தனி பில்டில். இரண்டையும் சேர்த்து ஓட்ட முடியாது.

ஸ்கேன்எஃப்பில் ஆம்பர்சண்ட் விட்டுப்போனதற்கு மூன்றுமே வேண்டாம். 'மைனஸ் டபிள்யூ-ஆல்' போட்டால் ஜிசிசியே எச்சரித்துவிடும்.