போர்டு வீடு எங்கே வேண்டும்: பெரும்பாக்கத்திலா, பழைய இடத்திலேயா?

கூவம், அடையாறு கரைகளிலும் மற்ற இடங்களிலும் வாழும் ஏழைகளுக்கு வீடு கொடுக்கச் சென்னையில் அரசு மூன்று வழிகளைக் கையாண்டிருக்கிறது. ஊருக்கு வெளியே கட்டிக் குடியேற்றுவது ஒன்று. இருந்த இடத்திலேயே கட்டித் தருவது இன்னொன்று. மனையை மட்டும் பிரித்துக் கொடுத்து, வீட்டை அவரவரே கட்டிக்கொள்ள விடுவது மூன்றாவது. பேச்சு வரும்போதெல்லாம் சுவர் உறுதியா, லிஃப்ட் ஓடுகிறதா என்றுதான் ஒப்பிடுகிறோம். பத்து வருஷம் கழித்து அந்தப் பேட்டையில் யார் மிஞ்சியிருக்கிறார்கள் என்று பார்த்தால் கணக்கே மாறிவிடும்.

2000 வாக்கில் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே போகும் வழிதான் போர்டு எனப்படும் குடிசை மாற்று வாரியத்துக்குச் சுலபமாக இருந்தது. நிலம் மலிவு, மொத்தமாகக் கட்டலாம். பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் திட்டமிடப்பட்டன. வீட்டுக்குள்ளேயே கழிப்பறை, கான்கிரீட் கூரை என்று பார்த்தால் குடிசையைவிட மேல்தான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். மயிலாப்பூரில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் பெண், ஆறு மணிக்கு முதல் வீட்டு வாசலில் நிற்க வேண்டுமானால் இருட்டிலேயே பஸ் பிடிக்க வேண்டும். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. காசு மிச்சம், நேரம் மிச்சமில்லை. மூன்று வீட்டு வேலை இரண்டாகிறது, பிறகு ஒன்றாகிறது. குலுக்கலில் வீடு ஒதுக்குவதால் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு ஆயா நாலு பிளாக் தள்ளிப் போய்விடுகிறார். 2019 கடைசியில் கூவம் கரையிலிருந்த சத்தியவாணி முத்து நகர்க் குடும்பங்களைப் பள்ளி ஆண்டின் நடுவில் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளைகள் அரையாண்டில் பள்ளிக்கூடம் மாற வேண்டிய நிலை.

கண்ணகி நகர் கொஞ்சம் வேறு. ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) அதை நோக்கி வளர்ந்து வந்தது. ஐடி வளாகங்களில் ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, டெலிவரி வேலைகள் பக்கத்திலேயே கிடைத்தன. 2025-ல் கபடி வீராங்கனை கார்த்திகா ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்றபோது அந்த முகவரியை ஊரே பெருமையாகச் சொன்னது. அதே முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று மறைத்தவர்கள் அங்கே ஏராளம்.

மனை வழி 1970-களின் பிற்பகுதியில் உலக வங்கிக் கடனோடு வந்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் சின்ன மனையும் பெரிய மனையும் அடுத்தடுத்து. கையில் காசு சேரச் சேர அறை கட்டினார்கள், மாடி எழுப்பி வாடகைக்கும் விட்டார்கள். இன்று அரும்பாக்கம் நடுத்தர வர்க்கப் பேட்டைதான். ஏழைகள் பலர் விற்றுவிட்டுப் போயிருப்பார்கள் என்பது நியாயமான குறை. ஆனால் விற்றவர் கையில் காசோடு போனார். பெரும்பாக்கம் போனவர் ஒதுக்கீட்டு ஆணையோடு போனார். இருந்தாலும் நகருக்குள் இன்று அப்படிப் பிரித்துக் கொடுக்க நிலம் எங்கே?

மிஞ்சுவது இருந்த இடத்திலேயே இடித்துக் கட்டும் மறுகட்டுமானம். என் ஓட்டு இதற்குத்தான், குறைகளைத் தெரிந்துகொண்டே. 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புதுக் கட்டடத்தின் பூச்சு கை பட்டாலே உதிர்ந்ததை டிவியில் பார்த்தோம். அதே டிசம்பரில் திருவொற்றியூரில் பழைய வாரியக் குடியிருப்பு இடிந்து விழுந்தது. மக்கள் முன்பே வெளியேறியதால் உயிர் தப்பினார்கள். சுவர்க் கோளாறாவது கண்ணுக்குத் தெரியும். இடிப்பதற்கும் சாவி கிடைப்பதற்கும் நடுவில் ஓடும் வருஷங்கள்தான் பெரிய ஆபத்து. இடம்பெயர்வுக்கான தொகையை ரூ.8,000-லிருந்து ரூ.24,000 ஆக உயர்த்தினார்கள், நல்லதுதான். வட சென்னையில் ஒரு சின்ன வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாலே அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். தூரத்தில் வாடகைக்குப் போனவர் பிள்ளையை அங்கேயே சேர்த்துவிட்டால் திரும்பி வருவதில்லை. ஒதுக்கீட்டாளர் பெயருக்கு ஒரு வீடுதான் என்பதால், பழைய 200 சதுர அடியில் ஒண்டியிருந்த கல்யாணமான மகனும் உள்வாடகைக்காரரும் பட்டியலிலேயே வருவதில்லை. வெளியேற்றம் என்று யாரும் சொல்லாமலே பேட்டையின் ஆட்கள் இங்கேயும் மாறிவிடுகிறார்கள்.

ஆகவே உங்கள் குடியிருப்பை இடிக்கப் போகிறார்கள் என்றால், மாதிரிப் படத்தில் எத்தனை மாடி என்று பார்ப்பதற்கு முன்னால் மூன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: சாவி தரும் தேதி, அதுவரை மாதாமாதம் வாடகை, கூடுதல் குடும்பங்களின் பெயர்ப் பட்டியல்.