கல்யாணப் பத்திரிகை என்று வந்த கோப்பைத் திறக்காதீர்கள்

கடந்த ஆவணியில், முகூர்த்த நாளுக்கு நான்கு நாள் முன்பு, தாராபுரத்தில் இருக்கும் மாமாவின் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வந்தது. ‘திருமண அழைப்பிதழ்’ என்று பெயர். கீழே, ‘அவசியம் குடும்பத்துடன் வரவும்’ என்று ஒரு வரி. அன்று இரவுக்குள் என் கணக்கிலிருந்து 46,800 ரூபாய் போய்விட்டது.

காங்கேயம் பக்கம் தேங்காய் உலர்களம் வைத்திருக்கிறேன். கொப்பரை விற்று வந்த அந்தப் பணம், களத்து ஆட்களுக்குச் சனிக்கிழமை கொடுக்க வேண்டிய கூலி.

யோசிக்காமல் ஏன் திறந்தாய் என்று கேட்கிறார்கள். எங்கள் பக்கம் பத்திரிகையை நேரில் வந்து, வெற்றிலை பாக்குடன் கொடுப்பதுதான் முறை. தூரத்துச் சொந்தங்களுக்கு இப்போது முதலில் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் பிறகு போனில் அழைக்கிறார்கள். மாமன் வீட்டுப் பத்திரிகையைப் பிரிக்காமல் வைக்க யாருக்கு மனம் வரும்? திருடர்கள் குறிவைத்தது அந்த மனத்தைத்தான்.

கோப்பைத் தொட்டதும், ‘இந்த இடத்திலிருந்து வரும் செயலிகளை நிறுவ அனுமதிக்கவா?’ என்று போன் கேட்டது. அனுமதித்தேன். பிறகு குறுஞ்செய்திகளைப் படிக்கவும் படங்களைப் பார்க்கவும் அனுமதி கேட்டது. அதையும் கொடுத்தேன். வெள்ளைத் திரை வந்தது, மறைந்தது. பத்திரிகை வரவில்லை. நெட் சரியில்லை என்று நினைத்துக் களத்துக்குப் போய்விட்டேன். ஒரு பத்திரிகைக்கு என் குறுஞ்செய்திகள் எதற்கு என்று அந்த நொடியில் தோன்றியிருக்க வேண்டும். மெய்யான அழைப்பிதழ் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். எனக்கு வந்ததில் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் ஏபிகே என்று இருந்தது. அது ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு.

எப்போதோ ஒரு தேவைக்காக டெபிட் கார்டின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படம் எடுத்து போனிலேயே வைத்திருந்தேன். கார்டு எண்ணை அந்தப் படத்திலிருந்தும், ஓடிபியைக் குறுஞ்செய்தியிலிருந்தும் எடுத்து, மூன்று தடவையாக இணையத்தில் பொருள் வாங்கியிருக்கிறார்கள் என்று சைபர் கிரைம் காவலர் விளக்கினார். வீட்டுக்குப் போனதும் அந்தப் படங்களை அழித்தேன். நீங்களும் உங்கள் போனில் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

முதலில் மாமாவைத்தான் அழைத்தேன். “நான் எதையும் அனுப்பவில்லை கண்ணு, காலையிலிருந்து எட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள்” என்றார். குரல் உடைந்திருந்தது. அவருடைய வாட்ஸ்அப் கணக்கையும் இதே வழியில்தான் பிடித்திருக்கிறார்கள். மறுநாள் என் வாட்ஸ்அப் கணக்கும் என் கையைவிட்டுப் போனது. என் பெயரில் அதே பத்திரிகை சொந்தங்களுக்கும் களத்து ஆட்களுக்கும் கோயில் பொங்கல் குழுவுக்கும் போயிற்று. எங்களிடம் தேங்காய் உடைக்கும் அக்கா ஒருவர், முதலாளி அனுப்பியது என்று நம்பித் திறந்து, சேமிப்பிலிருந்த 6,000 ரூபாயை இழந்தார். என் பணம் போனதைவிட இதுதான் உறுத்துகிறது. அந்தத் தொகையை நான் கொடுத்துவிட்டேன்.

இப்படி நேர்ந்தால் உடனே இணையத்தைத் துண்டித்து, சிம்மைக் கழற்றிவிடுங்கள். வேறொரு போனிலிருந்து, சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930ஐ அழையுங்கள். பணம் கைமாறிக்கொண்டே போவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வழியுண்டு. நான் மாமாவிடம் பேசி, அழுது, பத்து மணி நேரம் கழித்துத்தான் அழைத்தேன். வங்கிக்கும் அப்போதே தெரிவியுங்கள். நம் கவனக்குறைவால் போனது நம் தலையில்தான் என்றது ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை. ஆனால் புகார் கொடுத்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு. கார்டை மாற்றும்வரை, போனைச் சுத்தம் செய்யும்வரை இரண்டையும் நம்பாதீர்கள். போனை முழுதாக அழித்து மீட்டமைத்த பிறகே நான் பயன்படுத்துகிறேன். வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க ரகசிய எண்ணை (PIN) இன்றே போட்டுவையுங்கள். என்னிடம் அது இருந்திருந்தால், என் கணக்கை அவ்வளவு எளிதில் பிடித்திருக்க முடியாது.

பொங்கல் குழுவில் என் எண்ணிலிருந்து வந்த அந்த அழைப்பிதழை இன்னும் யாராவது வைத்திருந்தால், தொடாமல் அப்படியே அழித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது கல்யாணம் எதுவும் இல்லை.