பழைய பட்டு ஸ்கார்ஃப்: ஹெர்மெஸா, குஸ்ஸியா, ஃபெராகாமோவா?

ஐரோப்பிய பிராண்டுகளின் பழைய பொருட்களைச் சேர்க்க ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் கைப்பையில்தான் தொடங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாற்பது, ஐம்பது வருடத்துத் தோல் பையில் கைப்பிடி வெடித்திருக்கும், உள்துணி பிசுபிசுக்கும், பூட்டை யாரோ மாற்றியிருப்பார்கள். சரிசெய்யும் செலவு தனி. அதே வயதுள்ள பட்டு ஸ்கார்ஃபை ஒழுங்காக வைத்திருந்தால் இன்றைக்கும் அப்படியே கட்டிக்கொண்டு வெளியே போகலாம். பீரோவில் இடமும் கேட்காது.

சந்தையில் ஓயாமல் கண்ணில் படும் பெயர்கள் மூன்று: பாரிஸின் ஹெர்மெஸ், இத்தாலியின் குஸ்ஸி, ஃபெராகாமோ. லண்டனின் ஜாக்மார் வேறு ரகம் என்பதால் அதைக் கடைசியில் பார்ப்போம்.

மூன்றையும் ஒப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: மடித்த பிறகு என்ன தெரிகிறது? விற்பவர்கள் எல்லோரும் ஸ்கார்ஃபைத் தரையில் விரித்துப் படம் எடுத்துப் போடுகிறார்கள். ஆனால் யாரும் அதை விரித்தபடி உடுத்துவதில்லை. முக்கோணமாக மடித்து, பட்டையாகச் சுருட்டி, முடிச்சுப் போட்ட பிறகு அந்தப் படத்தில் கால்வாசிகூட மிஞ்சாது.

இந்தக் கணக்கில் ஹெர்மெஸ் சற்று அடிவாங்கும். 1837-ல் குதிரைச் சேணம் செய்யும் கடையாகத் தொடங்கிய நிறுவனம் அது. நூறாவது ஆண்டான 1937-ல், ஹெர்மெஸ் குடும்பத்து மருமகன் ராபர்ட் துமா முதல் பட்டுச் சதுரத்தைக் கொண்டுவந்தார். குதிரை பூட்டிய ஆம்னிபஸ் வண்டிகள் வரும் ஒரு பலகை விளையாட்டுதான் அதில் இருந்த படம். அன்று முதல் ஹெர்மெஸ் டிசைன்களில் பல, நடுவில் ஒரு மையம், சுற்றிச் சட்டம் போட்டதுபோல் பார்டர் என்ற அமைப்பில் வருகின்றன. 1957-ல் ஹ்யூகோ கிரிக்கார் வரைந்த ‘பிரீட் த காலா’வை எடுத்துக்கொள்ளுங்கள். விரித்தால் இரண்டு கடிவாளங்கள் கம்பீரமாக நிற்கும். கழுத்தில் கட்டினால் தெரிவது பார்டரும் ஏதோ ஒரு வாரின் துண்டும்தான். அதனால் ஹெர்மெஸ் வாங்கும்போது பார்டரின் நிறம் உங்களுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். நடுப்படத்தின் அழகில் மயங்கி வாங்கியவர்கள் அதைக் கடைசியில் சுவரில்தான் மாட்டுகிறார்கள்.

ஆனால் துணி என்று வந்துவிட்டால் ஹெர்மெஸை அடிக்க ஆளில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய சாய்கோடுகள் தெரியும். அதுதான் ட்வில் நெசவு. கையில் சற்று விறைப்பாக இருக்கும், போட்ட முடிச்சு போட்ட இடத்தில் நிற்கும். சாட்டின் ஸ்கார்ஃப் அரைமணியில் வழுக்கித் தோளுக்கு வந்துவிடும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்க்ரீன் (சாயம் இறக்கும் வலைச் சட்டம்) என்று பிரான்ஸின் லியோன் நகரப் பக்கம் அச்சிடுகிறார்கள். சில டிசைன்களுக்கு ஸ்க்ரீன்களின் எண்ணிக்கை முப்பதையும் தாண்டும். சாயம் பின்பக்கம் வரை இறங்கியிருப்பதால், முடிச்சில் மறுபக்கம் திரும்பினாலும் வெளிறித் தெரியாது.

ஓரத்தையும் பார்க்க வேண்டும். ஹெர்மெஸ் ஸ்கார்ஃபின் ஓரத்தைக் கையால் சுருட்டித் தைத்திருப்பார்கள், அதுவும் படம் இருக்கும் முன்பக்கத்தை நோக்கி. இத்தாலிக்காரர்கள் பொதுவாகப் பின்பக்கமாகச் சுருட்டுவார்கள். ஹெர்மெஸ் என்று சொல்லி விற்கும் துணியில் மெஷின் தையல் ஓடினால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. ஓரம் உருண்டையாக இல்லாமல் தட்டையாக இருந்தால் போலி என்று முடிவுகட்ட வேண்டாம். யாரோ அதன்மேல் இஸ்திரி அழுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். விலையைக் குறைத்துக் கேளுங்கள். சலவைக் குறிப்புத் துண்டை வெட்டி எறிவது பலருக்குப் பழக்கம், அது இல்லை என்பதற்காகவும் பயப்பட வேண்டியதில்லை.

அப்புறம் விற்பவர்கள் வருடம் போட்டுச் சொல்லும் இந்த ‘1957 ஸ்கார்ஃப்’ பேச்சு. அது டிசைன் பிறந்த வருடம். புகழ்பெற்ற டிசைன்களை ஹெர்மெஸ் திரும்பத் திரும்ப அச்சிடுகிறது. கைக்கு வரும் துணி 1990-களில் அச்சானதாகவும் இருக்கலாம். கட்டுவதற்கு வாங்குபவருக்கு இது நல்ல செய்தி, துணி இளமையாக இருக்கும். சேகரிப்பாளருக்குத்தான் தலைவலி. பழைய அச்சுகளில் நிறுவனப் பெயரோடு காப்புரிமைக் குறி இருக்காது என்பது ஒரு தடயம். அதை மட்டும் நம்பி வருடத்தைக் குறிக்க முடியாது.

சரி, குஸ்ஸி. 1966-ல் மொனாக்கோ இளவரசி கிரேஸ் கெல்லி மிலான் கடைக்கு வந்தார். அவருக்குப் பரிசளிப்பதற்காகவே ரொடோல்ஃபோ குஸ்ஸி, வித்தோரியோ அக்கோர்னெரோ என்ற ஓவியரிடம் ஒரு பூ டிசைன் கேட்டார் என்பது நிறுவனம் சொல்லும் கதை. அப்படி வந்ததுதான் ‘ஃப்ளோரா’. நான்கு பருவத்துப் பூக்கள், வண்ணத்துப்பூச்சிகள், தும்பிகள் என்று மொத்தம் 37 நிறங்கள். அக்கோர்னெரோ புத்தகங்களுக்குப் படம் வரைந்தவர். அந்தக் கை ஒவ்வொரு இதழிலும் தெரியும்.

என் அளவுகோலில் ஃப்ளோரா முதலிடம். பூங்கொத்துகள் துணி முழுக்கச் சிதறிக் கிடப்பதால் எப்படி மடித்தாலும் ஏதோ ஒரு பூ மேலே வந்து உட்காரும். வெள்ளைத் தரையில் இருந்தால் கறுப்பு உடை, நீல உடை எதற்கும் போகும். அதே வெள்ளைத் தரைதான் அதன் பலவீனமும்: வயதானால் மஞ்சளிக்கும், கழுத்து வியர்வை கோடாகத் தெரியும். குஸ்ஸியில் தரம் ஒரே சீராக இருப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். படத்துக்குள்ளேயே அக்கோர்னெரோவின் கையெழுத்து இருப்பவற்றைத் தேடுங்கள். பிற்காலத்தில் நிறுவன எழுத்துகளையே கோலமாகப் போட்டு நிரப்பியவற்றில் எனக்கு ஆர்வமில்லை. விளம்பரப் பலகையை எதற்குக் கழுத்தில் சுற்றிக்கொள்வது? இன்னொன்று, 2005-ல் குஸ்ஸியின் வடிவமைப்பாளர் ஃப்ரிடா ஜியான்னினி ஃப்ளோராவைக் கைப்பைகளில் மறுபடி கொண்டுவந்த பிறகு அந்தப் பூக்கள் எங்கும் பரவிவிட்டன. பழையது என்று சொல்வதையெல்லாம் நம்பாதீர்கள்.

ஃபெராகாமோவை ஏனோ பலர் இரண்டாம் பட்சமாகவே பார்க்கிறார்கள். செருப்புத் தயாரிப்பில் பெயரெடுத்த சால்வத்தோரே 1960-ல் இறந்த பிறகு குடும்பம்தான் நிறுவனத்தை நடத்தியது. பட்டுப் பிரிவை 1970-களில் மகள் ஃபுல்வியா ஏற்றார். பூக்களையும் இலைகளையும் ஒட்டுப்போட்டுச் சேர்த்த புலி, யானை, கிளி எல்லாம் அவர் காலத்து அடையாளம். விரித்தால் மிருகம், மடித்தால் பூ; இரண்டு வழியிலும் அழகு. நல்ல நிலையில் உள்ளதே பல சமயம் ஹெர்மெஸின் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். டிசைனுக்குப் பெயரோ வருடமோ தேடினால் எளிதில் அகப்படாது, திரும்ப விற்கப் போனால் ஆள் கிடைக்கத் தாமதமாகும். அலுவலகத்துக்குக் கட்டிப்போக, மழையில் நனைந்தால் நெஞ்சு பதறாமல் இருக்க, நான் கைகாட்டுவது இதைத்தான்.

அளவையும் கவனியுங்கள். 90 செ.மீ. சதுரத்தின் மூலைவிட்டம் ஏறக்குறைய 127 செ.மீ. தலையில் கட்டித் தாடைக்குக் கீழே முடிய அது தாராளம். 70 செ.மீ. சதுரத்தில் 99 செ.மீ.தான் கிடைக்கும், கழுத்தோடு சரி.

எதை வாங்கினாலும் மடிப்புக் கோடுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பெட்டியில் வருடக்கணக்காகக் கிடந்த பட்டுச்சேலை மடிப்பிலேயே விண்டுபோவதுபோல ஸ்கார்ஃபும் போகும். சென்ட் கறையும் எண்ணெய்க் கறையும் பழசானால் டிரை கிளீனிங்கிலும் முழுசாக வராது. தலைக்கு எண்ணெய் வைத்த நாளில் இவற்றைத் தொடவே வேண்டாம். பாச்சை உருண்டை வாடை மட்டும் நிழலில் காற்றாட விட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

இனி ஜாக்மார். லண்டன் மேஃபேர் பகுதி நிறுவனம். இரண்டாம் உலகப்போரின்போது ஆர்னல்ட் லீவர் வரைந்த பிரச்சார ஸ்கார்ஃப்களுக்காகத்தான் இன்றும் அதைத் தேடுகிறார்கள். சுவரொட்டி வாசகங்கள், படைப்பிரிவுச் சின்னங்கள் என்று அந்தக் காலத்துச் செய்திகளே துணியில் அச்சாகியிருக்கும். பட்டு பாராசூட்டுக்குப் போய்விட்டதால் சில ரேயான் என்ற செயற்கைப் பட்டில் வந்தன. ரேயான் நனைந்தால் பலம் இழக்கும். துவைக்கும் எண்ணமே வேண்டாம். மடித்துக் கட்டினால் வாசகம் பாதியில் அறுந்து நிற்கும் என்பதால் என் அளவுகோலில் இதற்கு மதிப்பெண் இல்லை. வாங்கினால் சட்டம் போடுங்கள். பசை தடவாமல், ஓரத்தில் நூல் தையலால் துணி அட்டையில் பொருத்தித் தரும் கடைக்காரராகப் பார்த்துக் கொடுங்கள். வெயில் நேராக விழும் சுவரில் மாட்டாதீர்கள்.