குவார்ட்ஸைட்: வாடகை இல்லை, தண்ணீரும் இல்லை

அரிசோனாவில் ஐ-10 நெடுஞ்சாலையோரம் இருக்கும் குவார்ட்ஸைட் என்கிற சின்ன ஊருக்கு மேற்கே, டோம் ராக் பக்கம் அரசாங்கப் பாலைநிலத்தில் ஜனவரியில் மூன்று ராத்திரி தங்கினோம். வாடகை பைசா கிடையாது, 28 நாளில் 14 நாள் வரை இருக்கலாம். ஆனால் குழாய், கக்கூஸ், குப்பைத்தொட்டி எதுவும் இல்லை, தண்ணீரைச் சுமந்துபோய்க் குப்பையைத் திரும்ப நாமே கொண்டுவர வேண்டும்.

தரை முழுக்கச் சரளைக்கல் இறுகிக் கிடக்கிறது. கூடார முளை இரண்டு அங்குலம்கூட இறங்காமல் வளைந்துவிட்டது, கடைசியில் கயிற்றைப் பாறாங்கல்லில் கட்டினோம், நடுராத்திரிக் காற்று அதையும் சோதித்துப் பார்த்தது. குளிர் வேறு. பாலைவனம்தானே என்று ஒற்றைப் போர்வையோடு போகாதீர்கள்.

குளிர்காலத்தில் அந்தப் பக்கம் முழுக்க வண்டிவீடுகள்தான், தனிமை வேண்டுமென்றால் சாலையை விட்டு நன்றாக உள்ளே போய்விடுங்கள், எங்களுக்குப் பக்கத்து ஜெனரேட்டர்தான் தாலாட்டு. சரி, அது நின்றதும் வானத்தைப் பார்த்தபோது கோபமெல்லாம் போய்விட்டது.

தண்ணீர் வசதி கட்டாயம் வேண்டுமென்றால் ஊருக்குத் தெற்கே லா போசா என்ற அரசாங்க முகாமிடம் இருக்கிறது, காசு கட்ட வேண்டும். ஊர்க் கல்லறையில் 1902இல் இறந்த ஒட்டகக்காரர் ஹாய் ஜாலியின் பிரமிடு சமாதி, உச்சியில் ஒட்டகத்தோடு. அதற்கும் கட்டணமில்லை.