சாய்தளமா, திண்டை இடிப்பதா, வீடு மாறுவதா?

முதுகுத்தண்டு அடிபட்டோ காலை இழந்தோ வீடு திரும்பும் ராணுவ வீரருக்கு முதல் சண்டை குளியலறை வாசலோடுதான். சிங்கப்பூரின் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் அங்கே தண்ணீரைத் தடுக்க உயர்த்திக் கட்டிய ஒரு திண்டு, குறுகலான கதவு.

பலரும் முதலில் வாங்குவது சாய்தளம். மலிவு, அன்றே போட்டுவிடலாம். ஆனால் 1:12 சரிவுக்கு 75 மில்லிமீட்டர் திண்டென்றால் 900 மில்லிமீட்டர் நீளம் வேண்டும். மேலே சக்கர நாற்காலி நின்று கதவைத் திறக்கச் சமதளமும் வேண்டும். சமையலறையை ஒட்டிய நடையில் அவ்வளவு இடம் ஏது? சரிவைச் செங்குத்தாக்கினால் ஏறும்போது நாற்காலி பின்னால் சாயும். திண்டுக்கு உள்பக்கமும் இறக்கம் உண்டு என்பது வாங்கிய பிறகுதான் பலருக்கு நினைவு வருகிறது.

திண்டை இடித்துத் தரையைச் சமப்படுத்துவதே இவர்களுக்கு ஏற்றது என்பது எங்கள் கணிப்பு. செலவு கூடும், வீவக அனுமதியும் வேண்டும். திண்டு தண்ணீரைத் தடுக்கத்தான் இருக்கிறது. அதை எடுத்தால் வாசலோரம் நீளமான கம்பிவலை வடிகால் வைத்து, ஓடுகளை அதை நோக்கிச் சரித்துப் பதிக்க வேண்டும். நீர்க்காப்புப் பூச்சைத் தரையோடு நிறுத்தாமல் சுவரிலும் ஏற்ற வேண்டும். ஓடு பதிப்பதற்கு முன் ஒரு நாள் தண்ணீர் கட்டிப் பாருங்கள். அதைத் தவிர்த்தால் கீழ்வீட்டுக்காரர் கூரை ஒழுகுகிறது என்று வந்து நிற்பார். புதிய பிடிஓ (முன்பதிவின் பேரில் வீவக கட்டித் தரும்) வீடு என்றால் முதல் 3 ஆண்டுகள் குளியலறை ஓடுகளைப் பெயர்க்கவே முடியாது.

கதவைத் தனியாகப் பாருங்கள். கதவு முழுதும் விலகித் திறக்கும் கீல் மாட்டினால் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் அகலம் கூடுதலாகக் கிடைக்கும். சில நாற்காலிகளுக்கு அதுவே போதும். போதாமல், பக்கச் சுவர் கட்டடத்தைத் தாங்கும் கான்கிரீட்டாகவோ வீட்டு அடைக்கலச் (போர்க்காலப் பாதுகாப்பு அறை) சுவராகவோ இருந்தால் அகலப்படுத்த வழியில்லை. வீடு மாறுவது அப்போதுதான் சரி. மின்தூக்கி நிற்காத தளத்தில் குடியிருந்து, அவசர நடமாட்டத் தேவையும் இருந்தால், மின்தூக்கி உள்ள வீடு வாங்க 30,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை மானியம் உண்டு. புது வீட்டையும் அளந்து பாருங்கள்: நாற்காலி முழுதும் திரும்ப 1,500 மில்லிமீட்டர் வட்டம் வேண்டும்.

உதவித் தொகையில் ஒரு சிக்கல். மூத்தோர் வீட்டில் கைப்பிடிக் கம்பி, சாய்தளம் போன்றவை பொருத்த உதவும் ஈஸ் திட்டம் 65 வயதானவர்களுக்கு, அல்லது அன்றாட வேலைக்கு உதவி தேவைப்படும் 60 முதல் 64 வயதுக்காரர்களுக்கு. 25 வயது வீரருக்குத் தகுதி இல்லை. அதே வீட்டில் தகுதியான வயதில் தந்தையோ தாயோ இருந்தால் அவர் பெயரில் விண்ணப்பிக்கலாம். உடற்குறையுள்ளோர் சாதனம் வாங்க உதவும் உதவிச் சாதன நிதிக்கு வயது தடையில்லை: தகுதிக்கேற்ப விலையில் 90% வரை. அது சாதனங்களுக்கு, ஓடுகளுக்கு அல்ல.

கால் இழந்தவர் இரவில் செயற்கைக் காலைக் கழற்றிவிடுவார். ஆகவே கைப்பிடிக் கம்பி குளியலறையில் மட்டும் இருந்தால் போதாது, படுக்கையிலிருந்தே தொடங்க வேண்டும். இடுப்புக்குக் கீழ் உணர்ச்சி இல்லாதவருக்குத் கைகழுவும் தொட்டிக்கு அடியில் இருக்கும் வெந்நீர்க் குழாய்க்கு உறை போடுங்கள். தொடை சுடுவது அவருக்குத் தெரியாது.