எட்டாம் கேள்வியோடு ஒன்பது ஆண்டுகள்

புதிதாகக் கிளினிக் தொடங்கியிருக்கும் இளைய பிசியோதெரபிஸ்ட் ஒருவர், கழுத்துவலிக்கும் முதுகுவலிக்கும் எந்த மதிப்பீட்டுப் படிவத்தை வைத்துக்கொள்ளலாம் என்று சென்ற வாரம் கேட்டார். கழுத்துக்கு வெர்னன் குழுவினர் 1991இல் வெளியிட்ட என்.டி.ஐ. (கழுத்து இயலாமைக் குறியீடு), கீழ்முதுகான இடுப்புக்கு ஃபேர்பேங்க் குழுவினர் 1980இல் வெளியிட்ட ஆஸ்வெஸ்ட்ரி என இரண்டையும் ஒன்பது ஆண்டுகளாக நாள்தோறும் கையாள்பவன் நான். ஆனாலும் சட்டென்று பதில் வரவில்லை. காரணம், எட்டாம் கேள்வி.

இரண்டிலும் பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை, மொத்தம் 50 மதிப்பெண்; கூடக் கூட இயலாமை அதிகம். எட்டாவது கேள்வி என்.டி.ஐ.யில் கார் ஓட்டுவதைப் பற்றியது. ஆஸ்வெஸ்ட்ரியில் தாம்பத்திய உறவைப் பற்றியது. என்னிடம் வருபவர்களில் பலருக்கு முன்னது இல்லை, பின்னதைச் சொல்லக் கூச்சம். தையல்காரர் ஒருவர் ‘என்னால் கார் ஓட்டவே முடியாது’ என்ற கடைசி வரியில் அழுத்தமாக டிக் செய்திருந்தார். விசாரித்தால், “காரே இல்லையே சார், எப்படி ஓட்டுறது?” என்றார். கார் இல்லாத குறைக்கு முழுதாக 5 மதிப்பெண்!

வெற்றாக விட்டால் 45க்குக் கணக்கிட வேண்டும் என்பது விதி. ஓர் அம்மா முதல் முறை ஆஸ்வெஸ்ட்ரியில் எட்டாவதை விட்டுவிட்டு 19 எடுத்தார். 42 விழுக்காடு, கடுமையான இயலாமை. அடுத்த முறை அதில் 0 குறித்தார். மற்ற விடைகள் மாறவே இல்லை. 19ஐ 50ஆல் வகுத்தால் 38, மிதமான இயலாமை. வலி அப்படியே இருக்க, தாளில் மட்டும் குணமாகிவிட்டது.

நியாயமாகப் பார்த்தால், ஆஸ்வெஸ்ட்ரியின் பிந்தைய பதிப்பில் எட்டாம் கேள்வியோடு ‘பொருந்துமாயின்’ என்று சேர்த்திருக்கிறார்கள். மூன்றாம் கேள்வியின் அருமையையும் மறைக்க மாட்டேன். தரையிலிருந்து தூக்க முடியாது, மேசைமேல் இருந்தால் முடியும் என்ற வரியைப் படித்ததும், “குடத்தைத் திண்ணையில வெச்சா தூக்கிடுவேன்” என்று அதே அம்மா தாமாகவே சொன்னார். குனியும் கோணத்தை அளக்கும் இன்கிளினோமீட்டர் இதை ஒருநாளும் எனக்குச் சொன்னதில்லை. அவருக்கான பயிற்சித் திட்டமே அந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்கியது.

இருந்தும் இளையவரிடம் வேண்டாம் என்றே சொன்னேன். இடுப்புக்கு ரோலண்ட்-மாரிஸ் படிவம் போதும். 24 வாக்கியங்கள், பொருந்துவதை மட்டும் குறித்தால் ஆயிற்று. என் மேசையில் இருப்பது என்னவோ இன்னமும் ஆஸ்வெஸ்ட்ரிதான். ஒவ்வொரு தாளின் மூலையிலும் வகுத்தது 45ஆலா 50ஆலா என்று சிவப்பு மையில் எழுதிய பிறகே கோப்பில் சேர்க்கிறேன்.